ஏழாம் எண் ஜாடி

தெருவில் எல்லோரும் அவளைத் தகடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, மந்திரித்த தகடு எழுதிக் கொடுக்கிறவள் போலிருக்கிறது என்று ஒரு வாரம் ஒதுங்கியே நடப்பார்கள். பிறகு ஒருநாள் தங்கள் வீட்டு வாசலில் இருக்கும் எண்ணைத் தடவிப் பார்த்து, இவ்வளவு வழவழப்பாக இதை யார் செய்தது என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அந்தத் தெருவில் ஒன்றிலிருந்து அறுபத்திரண்டு வரை எல்லா வீட்டு எண்ணும் அவள் கையால் வந்தவை. செம்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைத் தூவி, உலையில் வைத்து உருக்கி எடுக்கிற எனாமல் வேலை. வெயிலில் வெளுக்காது, மழையில் கரையாது.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. இருபது வயதில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றில் தட்டிப் பார்க்கிற வேலை கிடைத்தது. வரிசையாக வரும் குவளைகளை மரக்குச்சியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நல்ல குவளை ஒரு மாதிரி ஒலிக்கும், உள்ளே விரிசல் விட்டது வேறு மாதிரி ஒலிக்கும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் குவளை. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. தட்டு, தம்ளர், கதவு, கட்டில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள். கல்யாணமான புதிதில் புருஷன் முதுகையும் தட்டிப் பார்த்திருப்பாள் என்று அவள் தங்கை இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி, மின்விசிறி என்று எடுத்துக்கொண்டு போனார்கள். இவள் மூலையில் கழித்துப் போட்டிருந்த ஒரு சின்ன மின் உலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டின் பின்னறையில் அதை வைத்து, முதல் இரண்டு வருஷம் அவள் செய்த அத்தனை தகடும் பாழ். உலையிலிருந்து அழகாக வரும். ஆறும்போது தகடு கிண்ணம் மாதிரி வளைந்து, மேலே இருக்கும் கண்ணாடி பொருக்குத் தட்டி உதிரும். எதனால் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் புரிந்தது: முகத்துக்கு மட்டும் பூசினால் போதாது, முதுகுக்கும் பூச வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தால்தான் செம்பு எந்தப் பக்கமும் இழுபடாமல் அடங்கி நிற்கும். தொழிற்சாலையில் குவளையை முழுசாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள், அதனால் அவளுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. லட்சக்கணக்கான குவளையைத் தட்டியவளுக்கு அது ஏன் உடையவில்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் அவள் தகடு ஒன்றுகூட உதிர்ந்ததில்லை.

முதலில் வீட்டு எண்கள், பிறகு பெயர்ப் பலகைகள், அப்புறம் மெல்ல மெல்லப் படங்கள். நாற்காலியில் தூங்கும் பூனை, காயப்போட்ட சட்டைகள், திறந்திருக்கும் ஜன்னல். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பார்த்தவர்கள் அந்தச் சட்டை ஈரமாக இருக்கிறதென்று சத்தியம் செய்வார்கள்.

அவள் கணவர் முப்பத்தொரு வருஷம் தபால் பிரிக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாதி கிழிந்த உறை, மழையில் ஊறிய முகவரி, ஊரை எழுதித் தெருவை மறந்துவிட்ட அட்டை, எது வந்தாலும் அதன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். முகவரியையே முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது, எழுதினவர் எப்படிப்பட்ட ஆள் என்று யோசித்தால் வழி தானாகக் கிடைக்கும் என்பது அவர் கட்சி. முகவரி இல்லாமல் ஒரு பொருள் எங்காவது கிடந்தால் அவருக்கு உடம்பு என்னவோ செய்யும். சமையலறையில் உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டியிருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலை என்றால் மட்டும் ஆகாது. அவள் வேலை தொடங்கிய வருஷம் ஆசையாக எட்டிப் பார்க்கப் போய் ஒரு புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார். அதிலிருந்து உலை சூடாக இருக்கும்போது அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆகவே இருபத்தைந்து வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் ஆறிப்போன தகடுகளைத்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னறை அலமாரியில் முப்பத்துநாலு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்துப் பொடி, ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண் எழுதிய லேபிள். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. அதில் அதே எண்களின்கீழ் கட்டைவிரல் அளவு மாதிரித் துண்டுகள், உலையிலிருந்து வந்த பிறகு அந்தப் பொடி என்ன நிறமாகும் என்று காட்டுவதற்கு. இப்படி எண் போட்டு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொடியைப் பார்த்து நிறத்தைச் சொல்லிவிட முடியாது. நீலம் ஏதோ பேருக்குக் கொஞ்சம் நீலமாகத் தெரியும், பச்சையும் அப்படித்தான். ஆனால் ஏழு, பன்னிரண்டு, இருபத்துமூன்று இந்த மூன்றும் பொடியாக இருக்கும்போது ஒரே மாதிரி சலித்த மாவு நிறம். உலைக்குள் போய் வந்தால் ஏழு நல்ல சிவப்பு, பன்னிரண்டு பழுப்பு, இருபத்துமூன்று கறுப்பென்றே சொல்லக்கூடிய அடர்ந்த ஊதா.

மூன்றிலும் சிவப்புதான் அடாவடி. அரை நிமிஷம் கூடினால் கருகும். ஈரக்காற்றுப் பட்டால் புள்ளி விழும். ஒருதடவைக்கு மேல் சூடு தாங்காது, அதனால் மற்ற எல்லா நிறமும் முடிந்த பிறகு கடைசிச் சூட்டுக்குத்தான் அதை வைக்க வேண்டும். போதாக்குறைக்கு, உலையிலிருந்து வெளியே வரும்போது அது கன்னங்கரேலென்று இருக்கும். ஆற ஆறத்தான் சிவக்கும். பழகாதவர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்தால் வேலை போச்சு என்று தலையில் கை வைத்துவிடுவார்கள்.

நாலு வருஷமாகத் தகடக்காவின் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எல்லா நிறமும் மெதுவாகப் பழுப்படித்துக்கொண்டு வந்தபோது, கண்ணை நம்புவதை விட்டுவிட்டு எண்ணை நம்பத் தொடங்கினாள். வானத்துக்குப் பதினாலு, சுவருக்கு இருபது, நிழலுக்கு முப்பத்தொன்று. லேபிளை மூக்குக்குக் கிட்டே வைத்து வாசித்துவிட்டால் போதும், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். வாங்கிப் போனவர்களும் குறை சொல்லவில்லை.

கண்டுபிடித்தது கண் டாக்டர். புதிதாகத் தொடங்கிய தன் ஆஸ்பத்திரிக்குப் பெயர்ப் பலகை வாங்க வந்த அந்தப் பெண், சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள்.

"எங்க ஹால்ல ஒரு படம் வேணும்மா. ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கட்டு அவிழ்த்ததும் நான் விரலைக் காட்டி எத்தனைன்னு கேக்கறேன். புதுக் கண்ணால முதல்ல பாக்கறது என் விரலாவா இருக்கணும்? நல்லதா எதையாவது பாக்கட்டுமே."

அக்கா யோசித்து ஒரு படம் சொன்னாள். மழை பெய்யும் தெரு, எல்லாமே சாம்பலும் நீலமுமாக. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நடந்து போகிறாள். அவள் பிடித்திருக்கும் குடை மட்டும் சிவப்பு. டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரத்தில் தகடு வெட்டி, மூன்று மாதத்தில் ஒன்பது சூடு வைத்தாள் அக்கா. தெரு வந்தது, மழை வந்தது, அந்தப் பெண்ணின் நனைந்த செருப்பு வந்தது. குடைக்கான இடம் மட்டும் வெள்ளையாகக் காத்திருந்தது. எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்க வந்த டாக்டர், படத்தைப் பார்க்காமல், ஜாடியை முகத்தோடு ஒட்டிவைத்து லேபிள் வாசித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தாள்.

"அம்மா, கண்ணைக் கடைசியா எப்ப காட்டினீங்க?"

"எதுக்குக் காட்டணும்? குடை மட்டும்தான் பாக்கி."

"குடையை நல்ல கண்ணோட போடுங்க. அதுவரைக்கும் சுவத்துல ஆணி காத்திருக்கும். அடிச்சாச்சு."

இப்படித்தான் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். முதலில் வலது கண். ஐந்து நிமிஷ வேலை என்றார்கள், அவளுக்கு ஐந்து வருஷமாகத் தோன்றியது. கட்டு அவிழ்த்தபோது டாக்டர் விரலைக் காட்டவில்லை. எதிர்ச் சுவரைக் காட்டி, "ஆணி தெரியுதாம்மா?" என்றாள்.

"தெரியுது. கோணலா அடிச்சிருக்கீங்க."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். தகடக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணியின் தலையில் இருந்த துளித் துருவரைக்கும் தெரிந்தது. இத்தனை நாள் யாரோ அழுக்குத் துணியை முகத்தில் போட்டு வைத்திருந்தது போலவும், இப்போது எடுத்துவிட்டார்கள் போலவும் இருந்தது. ஆனால் அன்றைக்கே ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. புதுக் கண்ணில் எல்லாமே ஒரு சுற்று நீலமாகவும் வெளிச்சமாகவும் தெரிந்தது. இடது கண்ணோ பழைய பழுப்பிலேயே இருந்தது. இரண்டில் எது உண்மை? நிறத்தைப் பார்க்கத் தெரியாதவள் நிறத்தை வைத்து என்ன வேலை செய்வது? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கை வீடு. இரண்டு வாரம் அங்கே தங்கியபோது தங்கையிடம் மட்டும் சொன்னாள்.

"அந்தக் குடை சரியா வந்துதுன்னா வேலை பாப்பேன். வரலைன்னா உலையைத் தூக்கிக் குடுத்துடுவேன். கண்ணு தெரியாதவ செஞ்சது பாவம்னு யாரும் என் தகட்டை வாங்க வேண்டாம்."

"நீ குடுத்துடுவே, நம்பிட்டேன்" என்றாள் தங்கை. ஆனால் அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதற்குள் வீட்டில் வேறொரு கூத்து நடந்திருந்தது. கண்ணில் தூசி படவே கூடாது என்று டாக்டர் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். உலை குளிர்ந்து கிடக்கிறது, பயமில்லை. பின்னறையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டுக் கழுவினார். சுவரைத் துடைத்தார், தரையைத் தேய்த்தார். கடைசியில் ஜாடிகள். இருபத்தைந்து வருஷத் தூசி. முப்பத்துநாலையும் ஒரு பெரிய வாளிச் சோப்புத் தண்ணீரில், மூடியோடு, பத்திரமாக, ஊறப்போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முப்பத்துநாலு லேபிளும் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருந்தன.

அவருக்கு உயிரே போய்விட்டது. வேறு யாருக்கு நடந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. முப்பத்தொரு வருஷம் பிறர் முகவரியைக் காப்பாற்றிய மனிதர், சொந்தப் பெண்டாட்டியின் முப்பத்துநாலு முகவரியை ஒரே வாளியில் அழித்துவிட்டார். அன்று மத்தியானமே தொலைபேசியை எடுத்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு அவருக்குத் தெரிந்த வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஜாடியாகத் துடைத்துத் திறந்து, பொடியை வெளிச்சத்தில் பார்த்து, பலகையிலுள்ள துண்டுகளோடு ஒப்பிட்டார். வெளிறிய நீலத்தைப் பக்கத்து நீலத்திலிருந்து பிரிக்க மூன்று நாள் ஆயிற்று. ஆனாலும் பிரித்தார். ஊறிப்போன பழைய லேபிள்களைப் பார்த்துப் புது லேபிள் எழுதினார், அவள் கையெழுத்திலேயே. அவள் ஏழுக்கு நடுவே போடும் சின்னக் கோட்டைக்கூட விடவில்லை. முப்பத்தொரு ஜாடிகள் வீடுபோய்ச் சேர்ந்தன. மாவு நிற ஜாடிகள் மூன்று மட்டும் மேசையில் நின்றன, எந்தத் துண்டோடும் சேராமல். ஏழு எது, பன்னிரண்டு எது, இருபத்துமூன்று எது? ஒரு முழு நாள் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஏதோ ஒரு முடிவுக்கு வந்து, ஒட்டிவிட்டார்.

அக்கா வீடு திரும்பிய பிறகு இன்னும் நாலு வாரம் பின்னறைக்குள் போக அனுமதியில்லை. அந்த நாலு வாரமும் அவர் தினம் ஒருதடவை ஆரம்பிப்பார்.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பால் வாங்கணுமா?"

ஆள் ஏன் இப்படி மென்று விழுங்குகிறார் என்று அவளும் கேட்கவில்லை. அவளுக்கே தலைக்கு மேல் கவலை.

நாலாம் வாரம் டாக்டர் சரி என்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், முதல் தடவை உலையைத் திறக்கும்போது கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. மறுநாள் காலை, வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில், அக்கா பின்னறைக்குள் காலெடுத்து வைத்தாள். அலமாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். லேபிள் எல்லாம் எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது பாருங்க. இவ்வளவு நாளா இதையா நான் மூக்குல ஒட்டி வச்சுப் படிச்சேன்? டாக்டர் கை பொன்னுக் கை."

கணவர் திருதிருவென்று விழித்தார். சொல்ல வாய் திறந்தார். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். வாயை மூடிக்கொண்டார். இங்கேதான் அந்த மனிதரை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு அதைக் கெடுக்கிற தைரியம் யாருக்கு வந்திருக்கும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மழைத் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சாம்பலென்று நினைத்துப் போட்டது நல்ல நீலமாக இருந்தது. ஒரு நிமிஷம் பகீரென்றது. அப்புறம் பார்க்கப் பார்க்க, மழை அப்படி இருப்பதுதான் சரியென்று பட்டது. எண்ணை நம்பியது வீண்போகவில்லை. ஏழாம் எண் ஜாடியை எடுத்தாள். பொடியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி, கலங்கல் போகும்வரை வடித்து, மெல்லிய தூரிகையால் குடையின்மேல் பரப்பினாள். உலையின் தலைமேல் வைத்து ஈரம் காயவிட்டாள்.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு காரியம் செய்வாள். அதே பொடியைச் சின்னச் செம்புத் துண்டில் தூவி, சோதனைச் சூடு ஒன்று வைத்துப் பார்ப்பாள். இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்றைக்குத் துண்டைக் கையில் எடுத்தாள், யோசித்தாள், திரும்ப வைத்துவிட்டாள். தினம் பழகிய ஜாடி, பளிச்சென்று தெரிகிற எண். இதையும் சோதித்துப் பார்த்தால் புதுக் கண்ணை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? அவளுக்கு அதை நம்பியாக வேண்டியிருந்தது.

கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றார். டாக்டர் சொன்னது சொன்னதுதான், ஓட முடியாது. அக்கா நீண்ட கவைக்கோலால் தகட்டைத் தூக்கி உலைக்குள் வைத்து, கதவைச் சாத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை நிமிஷம். உலையைத் திறந்தபோது தகடு தணல் நிறத்தில் ஜொலித்தது. அதை வெளியே எடுத்து இரும்புத் தாங்கியின்மேல் வைத்தாள். ஜொலிப்பு மங்கியது. குடை இருந்த இடம் கரிக்கட்டை மாதிரி இருந்தது.

அவள் அதைப் பார்த்துத் திருப்தியாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. திரும்பிப் பார்த்தால் கதவு நிலையில் கணவர் முகம் வெளுத்து நிற்கிறார். அவர் கண்ணுக்கு அது கறுப்புக் குடை.

"நான்தான்" என்றார். "நான்தான் கெடுத்துட்டேன்."

"எதை?"

"ஜாடியெல்லாம் கழுவினேன். லேபிள் விட்டுப்போச்சு. நான்தான் எழுதி ஒட்டினேன். அது உன் எழுத்து இல்ல. மத்ததெல்லாம் சரியா இருக்கும், மூணு ஜாடி மட்டும் எனக்குத் தெரியல. ஏழு, பன்னெண்டு, இருபத்துமூணு. குத்துமதிப்பாத்தான் ஒட்டினேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வந்தேன், வாய் வரல."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால்வரை அந்த அறையில் பயந்துகொண்டிருந்தது ஒரே ஆள்தான். இப்போது இருவர். சிவப்பின் கறுப்பு என்று அவள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு, இருபத்துமூன்றின் சொந்தக் கறுப்பாகவும் இருக்கலாம். சூட்டில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்பது சூடு, மூன்று மாதம், ஆணி, கண், உலை எல்லாம் அந்தக் கரிக்கட்டைக்குள் இருந்தது. சோதனைத் துண்டைத் திரும்ப வைத்தது அவள் கைதான் என்பதும் அப்போதே உறைத்தது, அதனால் முழுசாகக் கத்தவும் முடியவில்லை.

"உக்காருங்க" என்றாள். "ஆறட்டும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதீங்க."

அவர் உட்கார்ந்தார், உலைக்கு நாலடி தூரத்தில், புருவத்தை மறந்து. அவள் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதும் தானாகத் தீட்டிக்கொண்டது. விரிசல் விட்டால் டிங் என்று ஒரு சத்தம் வரும். தொழிற்சாலை நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து பழகிய காது. கடிகாரம் ஓடியது. தகடு சத்தம் போடவில்லை.

முதலில் மழை வந்தது. ஓரத்திலிருந்து நீலம் மெல்லத் தெளிந்தது. பிறகு சுவர்கள், தெரு, செருப்பு. அவளுக்குத் தெரிந்த வரிசையில் ஒவ்வொன்றாக நிறத்துக்குத் திரும்பின. குடை திரும்பவில்லை.

"பழுப்பு இல்ல" என்றாள், பாதி தனக்கே. "பழுப்பா இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப?"

"சிவப்பு, இல்லன்னா ஊதா. பேசாதீங்கன்னேனே."

இன்னும் ஒரு நிமிஷம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. தங்கையிடம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. உலையை யாருக்குக் கொடுப்பது என்றுகூட மனம் போய்விட்டது. அப்போது கணவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"சிவக்குது" என்றார்.

"எங்க?"

"குடையோட நுனியில. நல்லாப் பாரு, சிவக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். செங்கல் பொடி தூவின மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது. பழுப்பா, சிவப்பா? ஆறுதலுக்குச் சொல்கிறாரா? இந்த மனிதர் ஆறுதலுக்காக எதையும் சொல்லக்கூடியவர். அப்போதுதான் தான் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது. இடது உள்ளங்கையால் பழைய கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

குடை சிவந்துகொண்டிருந்தது. நுனியிலிருந்து உள்ளே, கம்பி கம்பியாக, கறுப்பு விலகிவிலகி வழிவிட, புதுக் கண்ணுக்குள் நேராக வந்து நின்றது சிவப்பு. கருகல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. பலகையில் ஏழாம் எண்ணின்கீழ் இருந்த துண்டைத் திரும்பிப் பார்த்தாள். அதே சிவப்பு. நாலு வருஷமாக அவள் பார்த்திராத சிவப்பு. இவ்வளவு சிவப்பான ஒன்றை நான்தான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தேனா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் எழுந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கண்ணில் தண்ணீர் வரக் கூடாதென்று டாக்டர் சொன்னாளா இல்லையா என்று நினைவில்லை, அழுதாள்.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். திட்டு வரும் என்று காத்திருந்தார். வரவேண்டியது வந்தது, கொஞ்சம் தாமதமாக.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? ஆறு வாரம். பால் வாங்கணுமா, பால் வாங்கணுமான்னு கேட்டுக்கிட்டு. அதுக்கு நடுவுல ஒருதடவை இதைச் சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"என் எழுத்து மாதிரியே வேற எழுதி வச்சிருக்கீங்க. நான் கண்ணு பளிச்சுன்னு தெரியுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

"அது நிஜம்தானே? பளிச்சுன்னு தெரிஞ்சதா இல்லையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"மூணுல இதுதான் சிவப்புன்னு எப்படி ஒட்டினீங்க? குத்துமதிப்பா வந்திருக்காது."

அவர் அலமாரியைப் பார்த்தார்.

"பொடியைப் பாத்தா ஒண்ணும் தெரியல. அதனால மூடியைப் பாத்தேன். ரெண்டு ஜாடி கையால திருகினதும் திறந்துச்சு. இது திறக்கவே இல்ல. குறடு போட்டுத்தான் திறந்தேன். உனக்கு எது உசத்தியோ அதைத்தான் நீ அப்படி இறுக்கி மூடுவே. சிவப்புக்குக் காத்துப் படக் கூடாதுன்னு நீ புலம்பறதைக் கேட்டிருக்கேன்ல."

தன் வேலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று தகடக்கா இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். உலைப் பக்கம் வராத மனிதர், பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மற்ற இரண்டு ஜாடிகளுக்கும் அப்போதே சோதனைத் துண்டு வைத்தாள். பன்னிரண்டும் இருபத்துமூன்றும் இடம் மாறித்தான் இருந்தன. அவர் அதைக் கேட்டு வருத்தப்பட்டார், மூன்றில் ஒன்றுதான் சரியா என்று. ஒன்று போதும் என்றாள். லேபிள்களை அவரே மாற்றி ஒட்டினார். பழைய எழுத்தைத் தேடி எடுத்து ஒட்டலாமா என்று கேட்டதற்கு, இதுவே இருக்கட்டும், நன்றாகத் தெரிகிறது என்றாள்.

தகடு முழுக்க ஆறியதும், பழக்கத்தில், மரக்குச்சியால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். சுத்தமான ஒலி. டாக்டருக்குப் போன் செய்து, ஆணியை நேராக்கி வைக்கச் சொன்னாள். அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் நாள் குறித்துவிடச் சொன்னாள், யாரும் இழுத்துக்கொண்டு போகாமலே.

மேசையைத் துடைத்து முடித்தபோது ஏழாம் எண் ஜாடி மட்டும் திறந்திருந்தது. மூடியைப் போட்டுத் திருகினாள். வழக்கம்போல் முழு பலத்தோடு திருகப் போனவள், குறடு நினைவுக்கு வந்து, பாவம் என்று பாதியில் நிறுத்தினாள்.

"இறுக்கியே மூடு" என்றார் அவர், கதவருகிலிருந்து. "அப்பத்தான் எனக்குத் தெரியும்."

அவள் இறுக்கி மூடினாள்.